மைனஸ் அறுபதில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள்? ஊட்டிக் குளிரிலிருந்து ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒருவர் டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஊட்டிக்கு வந்திருக்கிறார். இரவில் இரண்டு டிகிரி. கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தியும் தூக்கம் வரவில்லை. "இதற்கே இப்படி என்றால் ரஷ்யாவில் மைனஸ் அறுபதில் எப்படிக் குடியிருக்கிறார்கள்? ஐம்பது டிகிரி பாலைவனத்தில் எப்படி? காற்றே இல்லாத உயரத்தில் எப்படி? அவர்கள் உடம்பே வேறா? அடுத்த ஜூனில் அறுபத்தெட்டு வயது அப்பாவை லடாக் கூட்டிப் போக நினைக்கிறோம். ஊட்டியில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கேயும் தாங்குவாரா?"

ஊட்டிக்குப் பக்கத்தில் குடியிருப்பவன், பள்ளிக்கூடத்தில் பல வருஷம் புவியியல் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

உடம்பு கொஞ்சம்தான் வேறு. ஓரிரு இடங்களில், முக்கியமாகத் திபெத் போன்ற உயரங்களில், பரம்பரையாகவே உடம்பு மாறியிருக்கிறது. மற்றபடி சைபீரியாக்காரரையும் உங்களையும் சாதாரணச் சட்டையோடு மைனஸ் அறுபதில் நிறுத்தினால் இருவருமே சீக்கிரம் விறைத்துப் போவீர்கள். அவரைக் காப்பாற்றுவது வீடு, உடுப்பு, சாப்பாடு, எந்த வேலையை எந்த நேரத்தில் செய்வது என்கிற பழக்கம். இவையெல்லாம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கைமாறி வந்தவை. அந்தக் கைப்பழக்கம் இல்லாமல், பிழைப்புக்காகவோ உத்தரவுக்காகவோ போய்ச் சேர்ந்தவர்கள்தான் எங்கேயும் அடிபடுகிறார்கள். உலகம் முழுக்க இதைப் பார்க்கலாம், நம் மலையிலும் பார்க்கலாம்.

முதலில் நீங்கள் பட்ட குளிர். நீலகிரியில் உயரமான இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். அங்கேதான் உறைபனி அதிகம் இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஆனால் உறைபனி பார்க்க வேண்டுமென்றால் விடிகாலையில் தலைகுந்தாவுக்கோ காந்தலுக்கோ அவலாஞ்சிப் பக்கமோ போக வேண்டும். எல்லாம் பள்ளமான இடங்கள். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனக்கிறது. கனத்த காற்று சரிவு வழியே தண்ணீர் போல வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. ஆகவே உச்சியில் நிற்பவரைவிட அடிவாரப் புல்வெளியில் நிற்பவருக்குக் குளிர் அதிகம். அங்கே பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவது வருஷா வருஷம் நடப்பதுதான். நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள் சீட்டில் நகத்தால் கீறினால் பனி சுருண்டு வரும். வெயில் ஏறியதும் எல்லாம் உருகிவிடும். அதற்குப் பிறகுதான் சேதம் தெரியும். தேயிலைக் கொழுந்து முதலில் செம்பட்டை நிறமாகி, இரண்டொரு நாளில் கருகிவிடும். அதனால்தான் நவம்பரிலிருந்தே பள்ளத்துத் தோட்டக்காரர்கள் தாகைச் செடியை அறுத்து வந்து தேயிலை மேல் பரப்பி மூடுகிறார்கள். விடியற்காலையில் ஸ்பிரிங்க்ளர் திறந்து விடுபவர்களும் உண்டு. சோலைக் காட்டை விட்டுப் புல்வெளிக்குள் மர நாற்றுகள் எளிதில் பரவாமல் இருப்பதற்கும் இந்த உறைபனி ஒரு காரணம் என்பது சூழலியல் ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

ரஷ்யாவின் யாக்கூட்டியாவில் இருக்கும் ஓய்மியாக்கோன் கிராமத்திலும் இதே கணக்குதான் வேலை செய்கிறது, அளவு மட்டும் பெரிது. அதுவும் சுற்றி மலை நிற்கும் ஒரு பள்ளத்தாக்கு. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் மேகமில்லாத வானம், அசையாத காற்று, சூரியன் தலைகாட்டுவதோ சில மணி நேரம். குளிர்ந்த காற்று வந்து தேங்கிக்கொண்டே இருக்கும், வெளியேற வழி கிடையாது. 1933 பிப்ரவரியில் அங்கே மைனஸ் 67.7 டிகிரி பதிவானது. அதே யாக்கூட்டியாவின் வெர்கோயான்ஸ்க் ஊரில் 1892ல் மைனஸ் 67.8. இந்த வெர்கோயான்ஸ்க்கில்தான் 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி வெயில் அடித்தது. ஒரே ஊரில் நூறு டிகிரிக்கு மேல் வித்தியாசம்! என் கணக்கில் உலகத்தின் கடினமான ஊர்களில் அதற்குத்தான் முதலிடம்.

அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள்? யாக்கூட்டியாவின் தலைநகரான யாக்கூட்ஸ்க்கை எடுத்துக்கொள்வோம். மூன்று லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை. சராசரி ஜனவரி நாளே மைனஸ் 38 பக்கம். ஊர் முழுவதும் நிரந்தரமாக உறைந்த மண் மேல் நிற்கிறது. 1828ல் ஷெர்கின் என்ற வணிகர் அங்கே கிணறு தோண்ட ஆரம்பித்தார். 1837 வரை தோண்டி 116 மீட்டர் போன பிறகும் உறைந்த மண் முடியவில்லை. அந்தக் குழி இன்னும் இருக்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் வீட்டை நேராக வைத்தால் வீட்டுச் சூட்டிலேயே கீழே மண் இளகி, சுவர் பிளந்துவிடும். அதனால் ஆழமாகக் கான்கிரீட் தூண்களை இறக்கி, அவற்றின் மேல் வீட்டைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அடியில் குளிர்காற்று ஓடும். தண்ணீர்க் குழாயும் வெந்நீர்க் குழாயும் மண்ணுக்குள் போகாமல், தடித்த உறை சுற்றித் தெருவுக்கு மேலேயே ஓடும். கிராமங்களில் குழாய்த் தண்ணீரே இல்லாத வீடுகள் உண்டு. இலையுதிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக வெட்டி வீட்டு வாசலில் அடுக்குவார்கள். தேவைப்படும்போது ஒரு பாளத்தை உள்ளே கொண்டுபோய் உருக்கிக் குடிப்பார்கள். பாலைக் கிண்ணத்தில் உறைய வைத்துக் கட்டியாக விற்பார்கள். மீனை உறைந்த நிலையிலேயே மெல்லிசாகச் சீவிப் பச்சையாகச் சாப்பிடுவார்கள். வண்டியைச் சூடான கொட்டகையில் வைக்க வேண்டும், இல்லையென்றால் இன்ஜினை அணைக்காமல் ஓடவிட வேண்டும். உலோகச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடியோடு வெளியே போனால் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த ஏற்பாடுகளுக்கு உள்ளேதான் அவர்கள் வாழ்கிறார்கள். வீட்டுக்குள் இருபது டிகிரிக்கு மேல்கூட இருக்கும். மைனஸ் அறுபது என்பது அவர்கள் வேகமாகக் கடந்து போகும் இடம். ஊட்டி லாட்ஜ் அறையில் நீங்கள் பட்ட பாட்டுக்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. வெளியே இரண்டு டிகிரி என்றால் உங்கள் அறைக்குள் எட்டோ ஒன்பதோ இருந்திருக்கும். யாக்கூட்ஸ்க்கில் எந்தக் குழந்தையும் அப்படி ஒரு அறையில் தூங்குவதில்லை.

இன்னொன்று ஈரம். அவர்களுடையது வறண்ட, காற்றில்லாத குளிர். உடுப்பு நனையாது. நம்முடையது பெரும்பாலும் நனைந்த குளிர், அதுவும் ஜூன், ஜூலை தென்மேற்குப் பருவத்தில் கேட்கவே வேண்டாம். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். உள்ளுடம்பின் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனாலே உயிருக்கு ஆபத்து தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மைனஸ் தேவையே இல்லை. பத்து டிகிரியில், நனைந்த ஜீன்ஸோடு, காற்றடிக்கும் மேட்டில் சில மணி நேரம் இருந்தால் போதும். நடுக்கம் நின்று, பேச்சு குழறி, ஒருவர் "எனக்குக் குளிரவில்லை" என்று சொல்ல ஆரம்பித்தால், அதுதான் பயப்பட வேண்டிய நேரம். மழையில் மலையேறப் போகும் பையன்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: குளிரை விடுங்கள், நனையாமல் இருங்கள்.

தோடர்களுடைய பழைய வீடு நம் குளிருக்கென்றே பிறந்த வீடு. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, புல் வேய்ந்து, அரைப் பீப்பாய் வடிவில் தரை வரை கூரை இறங்கும். மழைத் தண்ணீர் கூரையில் ஒரு நொடி தங்காது, வழிந்து ஓடிவிடும். காற்று அடித்தால் பிடிக்க மூலையே கிடையாது. வாசல் மூன்றடிக்கும் குறைவு. தவழ்ந்துதான் நுழைய வேண்டும். உள்ளே சூடான காற்று மேலே வளைவில் தேங்கும், தாழ்ந்த வாசல் வழியாக எளிதில் வெளியேறாது. அவர்கள் போர்த்தும் பூத்துக்குளியும் சிவப்பு கறுப்பு வேலைப்பாட்டுக்காக இன்று புகழ் பெற்றிருக்கிறது. அது மொத்தமான, மடித்துப் போர்த்துகிற பருத்தி என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்று பெரும்பாலான மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், சிமெண்ட் வீடுகள்தான். நெருப்புப் பயம் குறைந்தது, வருஷா வருஷம் வேய வேண்டியதில்லை, நிமிர்ந்து நடக்கலாம். அவர்கள் மாறியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஈரம் குடித்த சிமெண்ட் சுவரின் குளிரை அந்தப் புல்வீடு தந்ததே இல்லை.

ஆர்க்டிக்கின் இனுவிட் மக்கள் பனிவீட்டில் செய்ததும் இதே யோசனைதான். நுழைவாயிலைச் சுரங்கம் போலத் தாழ்வாகத் தோண்டி, படுக்கும் மேடையை உயரமாக வைத்தார்கள். குளிர்காற்று கீழே தங்கிவிடும், சூடு மேலே படுத்திருப்பவருக்கு. இறுகிய பனிக்குள் நிறையக் காற்று அடைபட்டிருப்பதால் அது நல்ல காப்பு. உடுப்புக்குக் கரிபூ மானின் தோல். அந்த மானின் முடி குழல் போல உள்ளே காலி, காற்றை அடைத்து வைத்திருக்கும். ஒரு சட்டையில் முடி உடம்பைப் பார்த்திருக்கும், அதன் மேல் போடும் சட்டையில் முடி வெளியே பார்த்திருக்கும். சீல் கொழுப்பில் எரியும் கல்விளக்கு ஒன்றுதான் அடுப்பும் வெளிச்சமும். இத்தனை இறுக்கமான வீட்டில் கூரையில் ஒரு துளை போட அவர்கள் மறந்ததே இல்லை.

அந்தத் துளையைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கரி அடுப்பை வைத்துக்கொண்டு, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கி, காலையில் எழுந்திருக்காதவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் கீழிருந்து வந்த இளவயதுக்காரர்கள். இரவு பார்பிக்யூ முடிந்து, மீதிக் கங்கு வீணாகிறதே என்று உள்ளே எடுத்துப் போயிருப்பார்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, புகையும் தெரியாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். உயரத்தில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு என்பதால் இங்கே இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு ஹாட் வாட்டர் பேக், காய்ந்த சாக்ஸ், தலைக்குக் குல்லா, இவை போதும். கங்கு அறைக்குள் வரவே கூடாது.

குளிருக்கு உடம்பு பழகுவதே இல்லையா என்றால், பழகும், கொஞ்சம். குளிர்ந்த தண்ணீரில் காலமெல்லாம் வலை இழுக்கும் மீனவர்களின் விரல்களில் ரத்தக்குழாய்கள் சீக்கிரமே மறுபடி விரிந்து, விரலைச் சூடாக்கிக்கொள்ளும். இனுவிட் மக்களின் மரபணுக்களில் கொழுப்பைச் செரிக்கும் விதத்தோடு தொடர்புடைய மாற்றங்கள் இருப்பதாக 2015ல் ஓர் ஆய்வு வந்தது. கடல் விலங்குகளின் கொழுப்பையே தின்று வாழ்ந்த தலைமுறைகளின் தடயம் அது. அவ்வளவுதான். மீதியை ஊசியும் நூலும்தான் செய்தன. தையல் பிரிந்த ஒரு காலணி அங்கே ஒரு பாதத்தைக் காவு வாங்கிவிடும்.

இப்போது நம் மலையில் குளிரை உண்மையில் தாங்குபவர் யார் என்று சொல்கிறேன். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காலையில் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்பதால், கேரட் பிடுங்கும் கூலியாட்கள் நல்ல இருட்டிலேயே பிக்கப் வண்டியில் ஏறுகிறார்கள். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, பனி விழுந்த இலையைக் கொத்தாகப் பிடித்து இழுக்க வேண்டும். கை முழங்கை வரை நனையும். விரல் மரத்துப்போனால் வரப்பில் மூட்டிய தீயில் காட்டிவிட்டுத் திரும்பவும் பாத்திக்குள் இறங்குவார்கள். மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கும் அக்காக்களுக்கு இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் படுதாதான் மழைக்கோட்டு. 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்ட குடும்பங்களில் எத்தனையோ பேர் இந்த வேலையில்தான் வயதானார்கள். "பழகிடுச்சு சார்" என்பார்கள். பழகியது மனசுதான். மூட்டுவலி பழகவில்லை.

அடுத்தது உயரம். ஊட்டி 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு. தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் குக்கர் இல்லாமல் சோறு வேக அவ்வளவு நேரம் பிடிக்கிறது. மாடிப்படி ஏறும்போது உங்களுக்கு மூச்சு வாங்கியிருக்கும், அது தவிரப் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஊட்டியில் தாங்கியதை வைத்து லடாக்கில் தாங்குவார் என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். ஊட்டி அந்தப் பரீட்சையை வைக்கவே இல்லை.

உயரத்தைப் பற்றி இந்தியா கற்றது பெரும்பாலும் சிப்பாய்களின் உயிரைக் கொடுத்துத்தான். 1962 போர்க் காலத்தில் சமவெளி ஆட்களை அவசர அவசரமாக இமயமலை மேல் ஏற்றினார்கள். நுரையீரலில் நீர் கோத்தும் மூளை வீங்கியும் பலர் விழுந்தார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவரோடு வேலை செய்தவர்களும் 1,925 பேரின் நோய்க் குறிப்புகளை வைத்து 1969ல் எழுதிய கட்டுரை, இன்றும் உலகம் முழுக்க மலைநோய் பற்றிப் படிப்பவர்கள் புரட்டும் ஒன்று. இன்று ராணுவத்தில் 9,000 முதல் 12,000 அடி வரை ஆறு நாள், 15,000 அடி வரை நான்கு நாள், அதற்கு மேல் இன்னொரு நான்கு நாள் என்று நிறுத்தி நிறுத்தித்தான் ஏற்றுகிறார்கள். குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் இருக்கிறது. அந்த ரெஜிமெண்டின் 19வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில், பனிச்சரிவில் புதைந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள். ஆறாவது நாளில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டார், பிப்ரவரி 11 அன்று டெல்லியில் இறந்தார். சியாச்சினில் 1984லிருந்து குண்டடியில் செத்தவர்களைவிடக் குளிரிலும் உயரத்திலும் பனிச்சரிவிலும் செத்தவர்கள்தான் அதிகம். வெலிங்டன் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

உங்கள் கேள்விக்கு "ஆம், உடம்பே வேறுதான்" என்று சொல்லக்கூடிய இடம் திபெத். சமவெளிக்காரர் உயரத்துக்குப் போனால் உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டும், ரத்தம் கெட்டியாகும். அளவு மீறினால் அதுவே நோய். திபெத்தியர்களின் ரத்தம் அப்படிக் கெட்டியாவதில்லை. அதற்குக் காரணமான மரபணு வடிவம், அழிந்துபோன டெனிசோவன் என்ற மனித இனத்தோடு கலந்ததில் வந்தது என்று 2014ல் தெரியவந்தது. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்களின் உடம்பு வேறு வழி பிடித்தது, ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொண்டது. அதன் விலையாகச் சிலருக்கு நாட்பட்ட மலைநோய் வருகிறது. இதை முதலில் விவரித்தவர் பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே.

அதே பெருவில்தான் லா ரின்கோனாடா இருக்கிறது. ஏறத்தாழ 5,100 மீட்டர். உலகத்திலேயே இவ்வளவு உயரத்தில் மனிதர்கள் நிரந்தரமாக வாழும் ஊர் வேறு இல்லை. காற்றழுத்தம் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பல்லாயிரம் பேர் அங்கே இருக்கக் காரணம் தங்கம். ஒரு மாதம் போலக் கூலியில்லாமல் சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு, பிறகு குறித்த ஒரு நாளில் தன்னால் சுமக்க முடிந்த கல்லை எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்கே பழைய வழக்கம். கல்லில் தங்கம் இருந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் ஒன்றுமில்லை. சுரங்கத்துக்குள் பெண்களை விடுவதில்லை, அவர்கள் வெளியே கொட்டிய கழிவுக் கல்லில் பொறுக்குகிறார்கள். தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம், அதன் ஆவி ஊருக்குள்ளேயே. சாக்கடை வசதி கிடையாது. "கடும் சூழலை வென்ற மனிதர்கள்" என்று இந்த ஊரைக் காட்டும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. யாக்கூட்ஸ்க்கில் மக்கள் குளிருக்கு ஏற்ற ஊரைக் கட்டியிருக்கிறார்கள். லா ரின்கோனாடாவில் யாரும் எதையும் கட்டவில்லை, உடம்பைத்தான் செலவழிக்கிறார்கள். சிலி நாட்டில் அவுகன்கில்சா என்ற மலையில், ஏறக்குறைய 5,950 மீட்டரில் ஒரு கந்தகச் சுரங்கம் இருந்தது. தொழிலாளர்கள் 5,300 மீட்டரில் குடியிருந்துகொண்டு தினமும் ஏறிப்போய் வேலை செய்தார்கள், மேலேயே தங்கவில்லை. மனித உடம்பின் எல்லை எது என்று அவர்கள் உடம்பே சொல்லியிருக்கிறது.

வெப்பத்துக்கு வருவோம். இதில் நீங்கள்தான் அனுபவசாலி, நான் மலைக்காரன். வெயிலில் உடம்புக்கு இருக்கும் ஒரே பெரிய ஆயுதம் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி சூடு போகும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். வழிந்து சொட்டினால் பயனில்லை. அதனால் வறண்ட 48 டிகிரியைவிட, கடற்கரையின் புழுங்கும் 38 டிகிரி சில சமயம் ஆபத்தானது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி காட்டினால் எவ்வளவு திடமான மனிதரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். பிறகு இளவயதினரை வைத்துச் செய்த பரிசோதனைகளில் 31 டிகிரி பக்கமே உடம்பு தோற்க ஆரம்பித்தது. வெயிலுக்கு உடம்பு நன்றாகப் பழகும். பத்துப் பதினான்கு நாளில் வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும், ரத்தத்தில் நீர் கூடும். குளிருக்குப் பழகுவதைவிட இதில் மனித உடம்பு எவ்வளவோ கெட்டிக்காரம்.

எத்தியோப்பியாவின் டனாகில் பள்ளம் கடல்மட்டத்துக்கு நூறு மீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது. அங்கே டல்லோல் என்ற இடத்தில் 1960களில் எடுத்த கணக்கின்படி வருஷம் முழுவதுக்குமான சராசரியே 34 டிகிரிக்கு மேல், இரவையும் சேர்த்து. அந்த உப்புத் தரையில் அஃபார் மக்களும் திக்ராய் மலையிலிருந்து இறங்கி வருபவர்களும் உப்பைப் பாளமாகப் பெயர்த்து, ஒரே அளவாகச் செதுக்கி ஒட்டகத்தில் ஏற்றுவார்கள். ஒரு காலத்தில் எத்தியோப்பியாவில் அந்த உப்புக்கட்டிதான் காசு. வெயில் உச்சிக்குப் போகுமுன் வேலையை ஒதுக்கிக்கொள்வதுதான் அவர்களுடைய முதல் பாதுகாப்பு. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி வேறு விதம். 1915ல் அங்கே ஓப்பல் கல் கிடைத்தது. தோண்டிய சுரங்கத்திலேயே குடியேறினார்கள். வெளியே நாற்பத்தைந்து டிகிரி என்றாலும் உள்ளே இருபத்து மூன்று, இருபத்து நான்கு. மண்ணுக்குள் சில மீட்டர் இறங்கினால் வருஷத்தின் சராசரி வெப்பம்தான் நிற்கும். பாலைவனத்துப் பெதுவின் மக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று 1980ல் அளந்து பார்த்தார்கள். கறுப்புத் துணி அதிகம் சூடாவது உண்மைதான், ஆனால் தொளதொளவென்று இருக்கும் அங்கிக்குள் ஓடும் காற்று அந்தச் சூட்டைத் தோலுக்கு வருமுன்பே கொண்டுபோய்விடுகிறது. தோலுக்கு வந்து சேரும் சூட்டில் வெள்ளை அங்கிக்கும் கறுப்பு அங்கிக்கும் வித்தியாசமில்லை.

மழையும் வறட்சியும் இன்னொரு பெரிய கதை, ஒரு வரியோடு விடுகிறேன். சிலியின் அரிக்காவில் 1903லிருந்து 1918 வரை பதினான்கு வருஷத்துக்கு மேல் மழையே இல்லை. நம் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது.

கடைசியாக உங்கள் அப்பா. வயது தனியாக ஒரு தடை இல்லை. இதயம், நுரையீரல், ரத்த அழுத்தம் இவற்றில் ஏதாவது இருந்தால்தான் யோசிக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மலைநோய் வராமல் தடுக்கும் அசட்டசோலமைடு மாத்திரை தேவையா என்பதையும் அவரிடமே கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டர், காற்றழுத்தம் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. டெல்லியிலிருந்து விமானத்தில் போனால் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடுவீர்கள், உடம்புக்கு அவகாசமே இருக்காது. முதல் இரண்டு நாள் ஊர் சுற்ற வேண்டாம். படுத்திருங்கள், தண்ணீர் குடியுங்கள், தூக்க மாத்திரையும் மதுவும் கிட்டவே வேண்டாம். பிறகு நூப்ரா பள்ளத்தாக்குக்குப் போகலாம், கர்துங் லா கணவாயில் 5,359 மீட்டர் ஏறினாலும் இரவு தங்குவது லேயைவிடத் தாழ்ந்த இடத்தில். பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கு மேல். அங்கே இரவு தங்கும் திட்டம் இருந்தால் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அல்லது பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைவிட எங்கே படுக்கிறோம் என்பதுதான் கணக்கு.

தலைவலி, வாந்தி உணர்வு வந்தால் அன்றைக்கு மேலே ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தால், இருமலில் இளஞ்சிவப்பாக நுரை வந்தால், நேர்கோட்டில் ஒரு காலின் விரல் நுனியை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடினால், பேச்சு மாறினால், ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே அந்த நேரத்திலேயே வண்டியைக் கீழே திருப்புங்கள். "விடியட்டும், பார்க்கலாம்" என்று டிரைவரோ ஹோட்டல்காரரோ சொன்னாலும் கேட்காதீர்கள், "எனக்கு ஒன்றுமில்லை" என்று அப்பாவே சொன்னாலும் கேட்காதீர்கள்.